காலிஃபிளவருக்கு ஒரு சட்டை

நவம்பர் 12

மருமகளுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாக இருந்தால் சந்தோஷம், அது வேறு விஷயம். உன் செடிகளைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நீ கிளம்பிப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். முதல் நான்கு நாள் நான் வீட்டின் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் துணி காயப்போடப் போனபோது பார்த்தால் நாலு பாத்தியும் உயிரோடு இருக்கிறது. ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. "தழைதானே, பிடுங்கிப் போடும்மா, வண்டி நிறுத்த இடமாகும்" என்றான் உன் புருஷன். பிடுங்கத்தான் போனேன். எது களை, எது செடி என்று தெரியாமல் எதைப் பிடுங்குவது? குனிந்த முதுகு குனிந்தபடியே திரும்பி வந்துவிட்டேன்.

ஐஸ் குச்சியில் எழுதி நட்டு வைத்திருக்கிறாயே, அது எந்த நாட்டுப் பாஷை? "கா 2, 14/10, 40" என்றால் யாருக்குப் புரியும்? உன் லேபில் ரத்தக் குப்பிக்கு ஒட்டுகிற சீட்டு மாதிரி இருக்கிறது. தையல் கடை வைத்திருப்பவளுக்குப் புரிகிற மாதிரி எழுது. எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒரு முறை, அதையும் எழுது.

பதிலைக் கடை விலாசத்துக்கு அனுப்பு. போன் வேண்டாம். போன் அவன் வாங்கிக் கொடுத்தது, எடுத்து எடுத்துப் பார்க்கிறான். கடைப் பக்கம் அவன் வரமாட்டான், நூல் தூசிக்குத் தும்முவான்.

கையை அசைக்காமல் வைத்துக்கொள்.

அத்தை

•

நவம்பர் 19

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. "கா" என்பது காலிஃபிளவர். 2 என்பது இரண்டாவது பாத்தி. 14/10 நாற்று நட்ட தேதி. 40 என்பது செடிக்குச் செடி இடைவெளி, சென்டிமீட்டரில். உங்கள் டேப்பில் பதினாறு அங்குலம். "கே" கேரட், "ப" பட்டாணி, "பூ" பூண்டு. பூண்டுப் பாத்தியின் முனையில் ஒன்றும் எழுதாத குச்சி ஒன்று இருக்கும். அது பாலக்கீரை. அதை அக்டோபர் 23ஆம் தேதி சாயங்காலம் விதைத்தேன். எழுத நேரம் இல்லாமல் போயிற்று.

தண்ணீர் காலையில் மட்டும் விடுங்கள். சாயங்காலம் விட்டால் இரவுக் குளிரில் மண் விறைத்துவிடும். கேரட் இப்போது நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு அங்குலத்துக்கு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். பாவம் பார்க்கக் கூடாது.

செடி விஷயம் முடிந்தது. நான் கேட்பது ஒன்று இருக்கிறது.

என் கை வழுக்கி விழுந்து முறியவில்லை. உங்கள் மகன் முறுக்கியதில் முறிந்தது. அப்போது நீங்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள், நானும் உங்களைப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்து டாக்டரிடம், "ஈரத் தரை, வழுக்கிட்டா" என்றீர்கள். மறுநாள் என் அண்ணனிடமும் அதையே சொன்னீர்கள். அண்ணன் கணக்கு வாத்தியார். சாட்சி இல்லாத எதையும் ஏற்கமாட்டான். "பக்கத்துல நின்னு பார்த்த மாமியாரே விழுந்தான்னு சொல்றாங்க. நீ கோபத்துல கதை கட்டுற" என்கிறான். அதனால் இப்போது வேலையில் மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே ஒரு விடுதி அறையில் இருக்கிறேன்.

நீங்கள் பார்த்ததை அப்படியே அண்ணனுக்கு ஒரு கடிதமாக எழுத வேண்டும். அவ்வளவுதான்.

மருமகள்

•

நவம்பர் 27

மருமகளுக்கு,

குச்சியெல்லாம் இப்போது புரிகிறது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் விடுகிறேன். இந்தக் குளிரில் குழாயைத் தொட்டால் விரல் எனக்கே சொந்தமில்லை. பட்டாணிக்குக் கயிறு கட்டி ஒரு பந்தல் போட்டேன். பழைய ரவிக்கை நாடாக்களை முடிந்து முடிந்து கட்டியிருக்கிறேன், கலர் கலராகத் தொங்குகிறது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னக்கா, கடைய இங்க மாத்திட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

கேரட்டை இடைவிட்டுப் பிடுங்கிவிட்டேன். ஆனால் எறியச் சொன்னாயே, அதற்கு எனக்குக் கை வரவில்லை. முப்பது வருஷமாகத் துண்டுத் துணியைக்கூட எறியாமல் தலையணைக்குள் திணிக்கிறவள் நான். பிடுங்கிய நூற்றுச் சொச்சத்தையும் பூண்டுக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலம் விட்டு விட்டு நட்டுவிட்டேன். டேப் வைத்து அளந்துதான் நட்டேன். எல்லாம் நின்றுகொண்டிருக்கிறது. இனி உனக்கு இரண்டு மடங்கு கேரட்.

நீ கேட்ட இன்னொரு விஷயத்துக்குப் பிறகு எழுதுகிறேன். பள்ளிக்கூடச் சீருடை நாற்பது வந்து குவிந்திருக்கிறது, தலை நிமிர நேரமில்லை.

அவன் இப்போது ரொம்பப் பேசுவதில்லை. சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைக்கிறான். காலிஃபிளவர் பூ விடுகிற நேரத்தில் நீ இங்கே இருந்தால் நன்றாக இருக்கும்.

அத்தை

•

டிசம்பர் 5

அத்தைக்கு,

கேரட்டைப் பிடுங்கி நடக் கூடாது. நுனி வேர் ஒடிந்துவிடும். பிழைத்தாலும் கால் இரண்டாகப் பிரிந்து கோணிக்கொண்டு வளரும். நட்டதை நட்டபடி விடுங்கள், வேடிக்கை பார்க்கலாம்.

இந்த மாதம் பாதிக்கு மேல் உறைபனி விழும். வானம் மேகமில்லாமல், காற்றில்லாமல் இருக்கும் இரவில் விழும். காலிஃபிளவர் தாங்கிக்கொள்ளும், ஆனால் முதல் தடவை விழும்போது இளம் இலை கருகலாம். துணி போட்டு மூடுங்கள்.

நேற்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு முக்கால்வாசிதான் திரும்புகிறது. இடது கைப் பழக்கக்காரி நான், இப்போது லேபில் குப்பி மூடியை வலது கையால்தான் திருகுகிறேன்.

சீருடை நாற்பதும் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மருமகள்

•

டிசம்பர் 14

மருமகளுக்கு,

உறைபனிக்கு நான் தயார். நீ வந்து பார்த்தால் அசந்துபோவாய்.

துணி போடு என்று எழுதியிருந்தாயா, வெறுமனே ஒரு பழைய புடவையை விரிக்க எனக்கு மனசு வரவில்லை. காற்றடித்தால் பறந்து போய் நர்ஸம்மா மாடியில் கிடக்கும். அதனால் செடிக்கு அளவெடுத்துவிட்டேன். பன்னிரண்டு காலிஃபிளவர், பன்னிரண்டு அளவு. உயரம், இடுப்புச் சுற்று, கழுத்து. அளவு நோட்டில் பெயர் எழுதுகிற இடத்தில் குண்டம்மா, ஒல்லி, சாய்ந்து நிற்பவள், மூலைக்காரி என்று ஆளுக்கொரு பெயர் போட்டிருக்கிறேன். கடையில் மிஞ்சிய பாப்ளினில் உள்ளே லைனிங் வைத்து, கீழே எலாஸ்டிக் போட்டு, மேலே சுருக்கு நாடா. ஒரு சுருக்கம் கிடையாது, பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. குண்டம்மாவுக்கு மட்டும் இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன்.

உன் புருஷன் பார்த்துவிட்டுச் சிரித்தான். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிறது! அவனுக்கும் நீ இல்லாதது உறைத்திருக்கிறது, வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அறுவடைக்கு வந்துவிடேன். வந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அத்தை

•

டிசம்பர் 20

அத்தைக்கு,

கடிதம் இன்றுதான் வந்தது. சட்டைகளை உடனே கழற்றுங்கள்.

துணி இலையில் படக் கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கும் துணி பனியில் நனைந்து விறைக்கும், தொட்ட இடமெல்லாம் இலை கருகும். நாலு மூலைக்கும் குச்சி நட்டு அதன் மேல் தளர்வாகப் போட வேண்டும், உள்ளே காற்று நிற்க வேண்டும். வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

"துணி போட்டு மூடுங்கள்" என்று மொட்டையாக எழுதியது என் தப்பு. உங்கள் கையில் துணியைக் கொடுத்தால் தைக்காமல் விடுவீர்களா? அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

தானாக எதுவும் சரியாகாது. நேரில் பேசவும் ஒன்றுமில்லை. எழுதித்தான் கேட்டேன், எழுதித்தான் வேண்டும்.

மருமகள்

•

டிசம்பர் 23

மருமகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உறைபனி முந்தாநாளே வந்துவிட்டது.

காலையில் சுருக்கை அவிழ்த்தால் துணி அட்டை மாதிரி நிற்கிறது. கழற்றும்போது இலையும் கூடவே வருகிறது. எங்கெங்கே துணி தொட்டதோ அங்கெல்லாம் கறுத்து, நனைந்த காகிதம் மாதிரி தொங்குகிறது. ஒல்லிதான் கொஞ்சம் தப்பித்தாள், அவளுக்கு அளவு சற்றுப் பெரிதாகப் போயிருந்தது. ஒன்றும் போடாத பூண்டும் கீரையும் வெயில் வந்ததும் சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றன. நான் விழுந்து விழுந்து பார்த்தது மட்டும் போய்விட்டது.

குழாயடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். செடிக்கு அழுகிறவள் என்று நீ சிரித்தாலும் பரவாயில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா, இல்லை பிடுங்கிவிட வேண்டியதுதானா?

அத்தை

•

டிசம்பர் 30

அத்தைக்கு,

சிரிக்கவில்லை. பிடுங்கவும் வேண்டாம். கருகிய இலையை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். நடுவில் குருத்து பச்சையாக, விறைப்பாக இருந்தால் அந்தச் செடி பிழைக்கும். ஏழு எட்டாவது தேறும். பூ கோழிமுட்டை அளவு வந்ததும் பெரிய இலைகளை மேலே மடித்து நாடாவால் லேசாகக் கட்டுங்கள். வெயில் நேராகப் பட்டால் பூ மஞ்சளாகிவிடும்.

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு வந்து அங்கே விட அண்ணன் நாள் குறித்திருக்கிறான். நான் வரமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவன் வீட்டுப் படியேற முடியாது. என் அம்மா அங்கேதான் படுத்த படுக்கையாக இருக்கிறாள், அவளை நான் பார்க்க முடியாது. அவனிடம் என்ன சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "அவங்க ஏன் பொய் சொல்லணும்?"

எனக்கு உங்கள் மகன் மேல் இருக்கும் கோபத்தைவிட உங்கள் மேல் இருக்கும் கோபம் அதிகம். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. நீங்கள் அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னீர்கள்.

மருமகள்

•

ஜனவரி 8

மருமகளுக்கு,

எட்டு தேறியிருக்கிறது. மூன்றில் பூ தெரிகிறது.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நான்கு தாள் கிழித்தேன். இது ஐந்தாவது. என்னால் முடியாது. பெற்றவளிடம் போய்க் கேட்கிற காரியமா இது? அவனுக்கு ஏழு வயசாக இருக்கும்போது அவன் அப்பா போனார். அன்றிலிருந்து அவனுக்கு வாய்த்தது நானும் அந்தத் தையல் மெஷினும்தான். ஊருக்கு முன்னால் நானே அவனைக் காட்டிக்கொடுத்தால், நாளைக்கு எனக்குச் சோறு போடுவது யார், கொள்ளி போடுவது யார்?

நான் வேறொன்று செய்கிறேன். நீ வா. நான் நடுவில் நிற்கிறேன். உன் மேல் ஒரு விரல் பட விடமாட்டேன். இது சத்தியம்.

அத்தை

•

ஜனவரி 15

அத்தைக்கு,

அன்றும் நீங்கள் இருந்தீர்கள்.

சரி, இனி நான் கேட்கப் போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம். செடிகளுக்கு மீதி வேலையை இதில் எழுதிவிடுகிறேன். காலிஃபிளவர் பூ கெட்டியாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள், விரிய ஆரம்பித்தால் ருசி போய்விடும். பட்டாணியைத் தினமும் பறித்தால்தான் மேலும் காய்க்கும். பாலக்கீரையை வெளி இலையாகக் கிள்ளுங்கள், வேரோடு பிடுங்க வேண்டாம். பூண்டு கோடை தொடங்கும்வரை மண்ணிலேயே இருக்கட்டும். தழை பாதி மஞ்சளானதும் தோண்டலாம்.

பிப்ரவரி முதல் ஞாயிறு அண்ணனோடு வருகிறேன். அம்மாவுக்காக வருகிறேன். உள்ளே வந்த பிறகு என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மருமகள்

•

ஜனவரி 29

மருமகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

போன வாரம் செவ்வாய்க்கிழமை உன் புருஷன் புது வண்டி வாங்கி வந்தான். பழையதும் இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்துப் பின்பக்கம் இடம் வேண்டும் என்றான். பட்டாணி காய்க்கிறது, இன்னும் ஒரு மாதம் பொறு என்றேன். பந்தலைப் பிடித்து ஒரே இழுப்பு. கயிறு, குச்சி, காய் எல்லாம் சேர்ந்து என் காலடியில் விழுந்தது. என்னை அவன் தொடவில்லை. அதையும் சரியாக எழுதிவிட வேண்டும்.

மறுநாள் காலை தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பந்தல் சாஞ்சு கிடக்கு?" என்றாள். "காத்தும்மா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "நேத்து காத்தே இல்லையேக்கா" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

காற்று என்று சொல்ல நான் யோசிக்கவே இல்லை. வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. ஈரத் தரை என்றதும் இப்படித்தான். நீ நினைப்பது போல நான் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு வந்த நாளிலிருந்து இதே வாய் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அவன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தது. அவன் நன்றாக இல்லை. அதை நான் இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணனுக்கு எழுதிவிட்டேன். முந்தாநாள் பதிவுத் தபாலில் போட்டேன். ஒரு வார்த்தை விடாமல் உனக்கும் இங்கே எடுத்து எழுதுகிறேன்.

"தம்பிக்கு. அக்டோபர் 23ஆம் தேதி சாயங்காலம் ஆறேகால் மணிக்கு உங்கள் தங்கை வழுக்கி விழவில்லை. தரை ஈரமாக இல்லை. அவள் விதை போட்டுவிட்டுச் சமையலறைக்குள் வந்தாள். காபி கேட்டு ஐந்து நிமிஷம் ஆகிவிட்டதென்று என் மகன் அவளுடைய இடது கையைப் பின்பக்கமாக முறுக்கினான். விடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் விடவில்லை. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் நின்ற குழாயடிக்கும் சமையலறை வாசலுக்கும் ஒன்பது அடி. நடுவில் எதுவும் மறைக்கவில்லை. நான் ஓடிப் போய்த் தடுக்கவில்லை, ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை. டாக்டரிடமும் உங்களிடமும் நான் சொன்னது பொய். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானாகவே சொன்னேன். இதற்கு முன்பும் இரண்டு தடவை அவன் அவளை அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பெரியவர்கள் முன்னால் கூப்பிட்டாலும், எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன்."

தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். பின்னால் தெரிந்து குதிப்பதைவிட அதுவே மேல் என்று பட்டது. "பெத்தவளா நீ?" என்றான். "ஆமாண்டா, அதனாலதான் இவ்வளவு நாளாச்சு" என்றேன். தட்டைத் தூக்கி எறிந்தான். நான் இரண்டு சேலையும் அளவு நோட்டும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். துணி வெட்டுகிற மேஜை நீளமானது, படுக்க வசதியாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவன் ஞாபகமாகவும் இருக்கிறது. சாப்பிட்டானா என்று நினைத்துக்கொண்டு ராத்திரி எழுந்து உட்காருகிறேன். இந்தப் புத்தி போகாது.

பாத்திகளின் மேல் இப்போது இரண்டு வண்டியும் நிற்கிறதாம். நர்ஸம்மா வந்து சொன்னாள். அதற்கு முன்னாலேயே அவள் நான்கு காலிஃபிளவரை வெட்டிக் கொண்டுவந்து கடையில் கொடுத்துவிட்டாள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. சமைத்துச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

முன்பு எழுதிய கடிதங்களில் உன்னை வா வா என்று கூப்பிட்டிருக்கிறேன். இப்போது சொல்வதைக் கேள். அண்ணன் இதைப் படித்துவிட்டும் கூப்பிட்டால் வராதே. உன் புருஷன் காலில் விழுந்து கூப்பிட்டால் வராதே. அவனைப் பார்க்கச் சகிக்காமல், நாளைக்கு நானே மனசு மாறி, அழுது எழுதிக் கூப்பிட்டாலும் வராதே.

அத்தை